மூன்றாவது கம்பி

"சும்மா செக் பண்றேன்" என்றுதான் அவர் எப்போதும் சொல்வார். வாசிக்கிறேன் என்று சொல்லி நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வருவார். பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்து, என் கிதாரை மடியில் சாய்த்துக்கொள்வார். அரிசியில் கல் பொறுக்கப்போகிறவர் போல முகத்தை வைத்துக்கொண்டு, "ரெண்டே நிமிஷம், சும்மா செக் பண்றேன்" என்பார். அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் எங்கள் கல்லூரி இசைக்குழுவில் நாலு பேரும் வாரம் தவறாமல் அபிராமபுரத்துக்குப் போய் வந்தோம். மூன்று பேர் சந்தோஷமாகப் போனார்கள். நான் வயிறு எரிந்துகொண்டு போனேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவரைப் பற்றிப் பெருந்தன்மையாக எழுத எனக்கு வராது. ஐம்பது வருடம் ஆகப்போகிறது, இன்னும் வரவில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர் வீட்டுப் பிள்ளை, கல்லூரி மாணவன். சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா எனக்கு ஒரு எலெக்ட்ரிக் கிதார் கொண்டுவந்து கொடுத்திருந்தார். குங்குமச் சிவப்பு. வெளிச்சத்தில் காட்டினால் முகம் தெரியும். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏல, இதுல பொந்தே இல்லையே, சத்தம் எங்கேருந்து வரும்?" என்று கேட்டார். திருநெல்வேலியிலிருந்து வந்து இருபது வருடமாகியும் அவர் பேச்சு மாறவில்லை. சத்தம் எங்கிருந்து வரும் என்று எனக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் என்ன சத்தம் வேண்டும் என்று தெரியும். கல்யாணக் கச்சேரிகளில் பாட்டுக்குப் பின்னால் டிங் டிங் என்று ஒதுங்கி நிற்கிற சத்தம் இல்லை. இசைத்தட்டுகளில் நாங்கள் கேட்ட ஹெவி ராக். ஒரு கம்பியை மீட்டினால் அறை நிறைய வேண்டும், அழுவது போலவும் திட்டுவது போலவும் அது ஏறி இறங்க வேண்டும். மதராஸில் அந்தச் சத்தத்தை யாரும் கிதாரில் எழுப்பி நான் கேட்டதில்லை. முதலில் எழுப்பப்போவது நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஆம்ப்ளிஃபயர் ஒரு நாள் ஒத்திகையில் புகைவிட்டு அணைந்தது. டிரம்ஸ் வாசிக்கிற துரை மந்தைவெளிக்காரன். அவனுக்குத் தெரியாத ரிப்பேர்காரர் கிடையாது. "அபிராமபுரத்துல ஒரு சாரு கீறாரு மச்சி. கம்பெனில இன்ஜினீரு. வூட்ல வால்வு வச்சி ஆம்பு கட்டுவாரு. வா, இட்டுனு போறேன்" என்றான்.

அந்த சார் மாடிப் போர்ஷனில் குடியிருந்தார். கூடம் முழுக்க வயரும் வால்வுமாகக் கிடந்தது. நல்ல மனிதர், பேச்சு குறைவு. ஆம்ப்ளிஃபயரைச் சரிசெய்து முடித்ததும் என் கிதாரைச் செருகச் சொன்னார். பிறகு உள்பக்கம் திரும்பி, "செத்த வாயேன், இதைக் கேட்டுச் சொல்லு" என்று கூப்பிட்டார்.

அவர் மனைவி வந்தார். அவருக்கு இருபத்தேழு வயதுக்கு மேல் இருக்காது. அந்த வீட்டுப் பேச்சைக் கேட்டு நான் "மாமி" என்றுதான் அழைத்தேன். துரை எடுத்தவுடனே "அக்கா" என்றான். அதிலேயே அவன் என்னை முந்திக்கொண்டான் என்று இப்போது தோன்றுகிறது.

வந்தவர் கிதாரைக் கையில் வாங்கி, கழுத்தைக் கண்ணுக்கு நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு கம்பிகளின் மேல் விரலை வைத்து அழுத்தினார்.

"கம்பி ஏன் இவ்வளவு உசரத்துல நிக்கறது? இதுல பாட்டு வாசிக்கறதுக்குப் பதிலாத் துணி உலர்த்தலாம்."

மற்ற மூவரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அவர் சின்ன வயதிலிருந்து மயிலாப்பூரில் வீணை கற்றவர். வலக்கை நகத்தால் மீட்டினார். இடக்கையில் இரண்டே விரல்தான், ஆள்காட்டி விரலும் நடுவிரலும். நான் நான்கு விரலையும் பழக்கி வைத்திருந்தவன். இரண்டு விரலில் என்ன கிழித்துவிடப்போகிறார் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அவர் இரண்டாவது கம்பியைக் கழுத்தின் குறுக்கே பதித்த கட்டைகளில் ஒன்றில் பிடித்து, வீணையில் இழுப்பது போலப் பக்கவாட்டில் இழுத்தார். ஒரு சுரம் அடுத்ததுக்குப் போனது, அங்கே நின்றது, அதற்கும் மேலே போனது, அசைந்து அசைந்து திரும்பி வந்தது. ஆம்ப்ளிஃபயர் உறுமியது. அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. இசைத்தட்டில் கேட்டு ஏங்கிய சத்தம் அந்தக் கூடத்தில், என் கிதாரிலிருந்து, கத்திரிக்காய்க் கறை படிந்த விரலிலிருந்து வந்தது. மூன்றாவது கம்பியை இழுக்கும்போது மட்டும் அது நகர மறுத்தது. அவர் முகம் சுளித்தார்.

"மூணாவது கம்பி முரண்டு பிடிக்கறது. அதுக்கு மேல இன்னொரு கம்பி சுத்தியிருக்காளே, அந்தக் கனம். இதை மாத்தினாத்தான் பேசும். மத்தபடி ஆம்ப்ளிஃபயர் சரியா இருக்கு" என்று கணவரிடம் கிதாரை நீட்டிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார்.

துரை வாயைப் பிளந்தபடி என்னிடம் திரும்பினான். "இன்னா மச்சி இது? இது உன் கிதாரா?"

அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். அந்தக் கேள்வி என் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

கிதாரை ஒரு வாரம் அவரிடம் விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். நான் மாட்டேன் என்றேன். மற்ற மூவரும் விடு என்றார்கள். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தது வேறு கிதார். அவர் செய்த வேலை எளிமையானதுதான், ஆனால் மதராஸில் வேறு யாருக்கும் தோன்றியிராது. முதல் கம்பியை இரண்டாவதன் இடத்திலும், மேல் சுற்று இல்லாத இரண்டாவதை மூன்றாவதன் இடத்திலும் தள்ளிப் போட்டிருந்தார். காலியான முதல் இடத்தில் வீணையின் பக்கத் தந்தியில் ஒன்றைக் கட்டியிருந்தார், தலைமுடிபோல் மெல்லிசு. வீணைத் தந்திக்கு நுனியில் பித்தளைக் குண்டு கிடையாது. பழைய அறுந்த கம்பியிலிருந்து குண்டைக் கழற்றி அதில் கோத்து முறுக்கியிருந்தார். கழுத்தை நிமிர்த்தி, கட்டைகளைத் தேய்த்துச் சமமாக்கி, கம்பிகளை எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கியிருந்தார்.

"அழுத்த வேண்டாம், கையை வெச்சாப் போறும்" என்றார்.

வைத்தேன். போதுமாகத்தான் இருந்தது. நான் இரண்டு வருடமாக அந்தக் கிதாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது எனக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது. நன்றி சொல்ல வேண்டிய இடம். எனக்கு வந்தது எரிச்சல்.

இன்னொரு விஷயமும் இருந்தது. வீணைக்காரர்கள் இடக்கை விரல் வழுக்கிச் செல்வதற்குத் தேங்காய் எண்ணெயில் நனைத்த பஞ்சைத் தொட்டுக்கொள்வார்கள். அவர் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் அது எப்போதும் இருக்கும். என் கிதாரின் கழுத்து முழுக்க அந்த வாசனை. வீட்டுக்குக் கொண்டுவந்து மண்ணெண்ணெயில் துணி நனைத்துத் துடைத்தேன். மண்ணெண்ணெய் வாசனை போனதும் தேங்காய் எண்ணெய் வாசனை திரும்ப வந்தது. கல்யாணமாகாத அந்த வயதில், பெண்டாட்டி மேல் சந்தேகப்படுகிறவன் எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அவருக்கு எல்லாவற்றையும் செக் பண்ண வேண்டும். கூடைக்காரி வெண்டைக்காய் கொண்டுவந்தால் ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்ப்பார். டிகாக்‌ஷனை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்துவிட்டுத்தான் பால் சேர்ப்பார். பாத்திரம் வாங்கினால், கடையிலேயே விரல் நகத்தால் தட்டி, காதருகே வைத்துக் கேட்பார். "விரிசல் இருந்தா கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும்" என்பார். கணவர் செய்த ஒவ்வொரு ஆம்ப்ளிஃபயரும் அவர் கேட்டுச் சரி என்ற பிறகுதான் வெளியே போகும். நண்பர் யாரோ கொடுத்த ஹெவி ராக் இசைத்தட்டுகள் அந்த வீட்டில் இருந்தன. பாட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். கிதார் வரும் இடத்தில் மட்டும் கரண்டியோடு வந்து நிற்பார். "என்னமா இழுக்கறான் பாரு. வீணை கத்துண்டிருப்பானோ?" என்று கேட்டுவிட்டு உள்ளே போவார்.

ஒரு நாள் என் கிதாரில் கரகரவென்று சத்தம் வந்தது. ஹெவி ராக் என்றால் கரகரப்பு வேண்டியதுதானே என்று நான் வாதாடினேன். அவர் பாயில் உட்கார்ந்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

"கரகரப்பு வேணும்தான், யார் இல்லேன்னா? தம்புராவுக்கு அடியில நூல் வெச்சு ஜீவாளி பிடிக்கறது எதுக்கு? அந்த ரீங்காரத்துக்குத்தானே? ஆனா அது எங்கேந்து வரதுன்னு பாக்கணும். கழுத்துலேந்து வந்தா கோளாறு. கம்பி கட்டையில இடிக்கறதுன்னு அர்த்தம். ஸ்பீக்கர்லேந்து வந்தா சுகம்."

சொன்னதோடு விடவில்லை. கம்பி இடிக்கிற கட்டையைத் தேடிப் பிடித்து அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துச் சரிசெய்தார். பிறகு கணவரிடம் சொல்லிப் பழைய ஸ்பீக்கர் ஒன்றின் காகிதத்தில் பிளேடால் நாலைந்து கீறல் போடச் செய்தார். அதன் பிறகு வந்த சத்தத்தை என்னவென்று சொல்வது. கீழ்வீட்டுக்காரர் வாசலுக்கு ஓடிவந்து லாரி ஏதாவது மோதிவிட்டதா என்று பார்த்தார். மாமி மடியில் கிதாரோடு, கண்ணை மூடிக்கொண்டு, அந்த மூன்றாவது கம்பியை இழுத்துப் பிடித்திருந்தார். இரண்டு நிமிடம் இல்லை, அன்றைக்குப் பத்து நிமிடம். கண்ணைத் திறந்தபோது நாங்கள் எல்லோரும் நிற்பதைப் பார்த்துக் கூச்சப்பட்டு, "சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

ஒருமுறை துரை அவரிடம், "இவனுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுங்கக்கா" என்றான். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "எனக்குச் சொல்லித் தரதெல்லாம் வராதுப்பா. நான் செக் பண்றவ." நான் நிம்மதி அடைந்தேன். ஆனால் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவர் இழுத்த மாதிரி இழுத்துப் பழகினேன். அந்த மெல்லிசுக் கம்பியில் எனக்கும் பாதி வந்தது. பாதிதான். மீதிப் பாதியை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

புரட்டாசியில் அடையாறில் ஒரு கிளப் ஹாலில் கல்லூரிக் குழுக்களுக்கான போட்டி அறிவித்தார்கள். வெளியாள் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று விதி. நாங்கள் நாலு பேரும் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது துரை அதைச் சொன்னான்.

"அக்காவ ஏத்துவோம்டா மேடைல. புடவை கட்டிக்கினு பாயில குந்திக்கினு அந்த இழு இழுத்தாங்கன்னு வையி, ஹாலே எய்ந்து நிக்கும். நீ பின்னால ரிதம் வாசி மச்சி. கோச்சுக்காத. சவுண்டு அக்கா கையில கீது, இன்னா பண்றது?"

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். என் கிதார், என் குழு, ரிதம் வாசிக்க வேண்டியது நான். சிரித்துக்கொண்டே சரி என்றேன். "கிதார் உன்து. நீ போய்க் கேட்டாத்தான் மரியாத" என்று என்னையே அனுப்பினார்கள்.

போனேன். சாயங்காலம் நாலு மணி இருக்கும். சார் அலுவலகத்திலிருந்து வந்திருக்கவில்லை. மாமி நான் கொண்டுபோன கிதாரைச் செக் பண்ணி முடித்து, எண்ணெய்க் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன் அவரே கேட்டார்.

"ஏம்ப்பா, பெரிய ஹால்ல, பெரிய ஸ்பீக்கர்ல இதை முழுசாத் திறந்து விட்டா எப்படிக் கேக்கும்? இங்க பாதிக்கு மேல திருப்பினா கீழாத்துக்காரா சண்டைக்கு வரா. ஒரே ஒரு தரம் முழுசாக் கேக்கணும்னு இருக்கு."

அவர் முகத்தில் அப்படி ஓர் ஆசையை நான் அதுவரை பார்த்ததில்லை. கேட்க வந்ததைக் கேட்க அதைவிட நல்ல தருணம் அமையாது. ஒரு வார்த்தை போதும்.

"மேடைன்னா அது ஒரு மாதிரி மாமி" என்றேன். "பசங்க விசில் அடிப்பாங்க, கண்டபடி கத்துவாங்க. உங்கள மாதிரி இருக்கிறவங்களுக்குச் சரிப்படாது. நம்ம குழுவிலயே பசங்க அதைத்தான் சொல்லிட்டு இருந்தாங்க."

கடைசி வாக்கியத்தை ஏன் சேர்த்தேன் என்று எனக்குத் தெரியும். அது இல்லாவிட்டால் அவர் துரையிடம் கேட்டுவிடுவார்.

"அதுவும் சரிதான்" என்றார். எண்ணெய்க் கிண்ணத்தை மூடி வைத்தார். "நான் சும்மாக் கேட்டேன்."

நண்பர்களிடம் வந்து, "சார் விடமாட்டேன்னுட்டார்டா" என்றேன். துரை நம்பவில்லை போல என்னைப் பார்த்தான். பிறகு, "பெரிய மன்சன், அவரு சொன்னா சர்தான்" என்று விட்டுவிட்டான். அன்று எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. அதையும் சொல்ல வேண்டும் அல்லவா.

போட்டி விஜயதசமியன்று சாயங்காலம். அதற்கு மூன்று நாள் முன்னால் கிதாரைக் கடைசியாகச் செக் பண்ணிக் கொடுக்க வாங்கி வைத்தவர், திரும்பக் கேட்டபோது தரவில்லை. "சரஸ்வதி பூஜைக்கு வாத்தியத்தையெல்லாம் வெச்சாச்சு. இனிமே தொடப்படாது. விஜயதசமி காத்தால வந்து எடுத்துண்டு போ" என்றார். எட்டிப் பார்த்தேன். கொலுப்படிக்குப் பக்கத்தில், மனையில், அவருடைய வீணையும் என் சிவப்புக் கிதாரும் ஒன்றாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. இரண்டுக்கும் ஒரே கதம்பச் சரத்திலிருந்து கிள்ளிய பூ. கிதாரின் தலையில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். அது அந்த வீட்டுப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

விஜயதசமி காலையில் போனேன். அவர் குளித்து ஈரத்தலையோடு மனையருகில் உட்கார்ந்திருந்தார். வீணையை எடுத்து வாசித்து முடித்துவிட்டார் போலிருக்கிறது. கிதாருக்குக் கை நீட்டினார்.

"பூஜைல வெச்சதை எடுக்கறச்சே ஒரு தரம் வாசிச்சுட்டு எடுக்கணும். ரெண்டே நிமிஷம், சும்மா..."

"என் கிதார் மாமி" என்றேன். "நானே வாசிக்கிறேன்."

அவர் கையை இழுத்துக்கொண்டார். நான் எடுத்து, நின்றபடியே, மூன்றாவது கம்பியை இழுத்து இரண்டு சுரம் வாசித்தேன். அவர் "ம்" என்றார். ஒரு கிண்ணத்தில் சுண்டல் கொடுத்தார். அதையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து கிதாரைக் கட்டிலில் வைத்துப் பார்த்தேன். சந்தனப் பொட்டு. தேங்காய் எண்ணெய். அவர் தேய்த்த கட்டை, அவர் கோத்த பித்தளைக் குண்டு. இன்று ஜெயித்தால் துரை என்ன சொல்வான்? "அக்கா போட்ட கம்பிடா" என்பான். அது எனக்குத் தாங்காது என்று தோன்றியது. மாமா கிதாரோடு கொடுத்த கம்பிக் கட்டு ஒன்று உறை பிரிக்காமல் அலமாரியில் இருந்தது. சீமைச் சரக்கு, தடிமனானது, நான் முதலில் வாசித்த அதே ரகம். கட்டிங் பிளேயரை எடுத்து அவருடைய கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டினேன். மெல்லிசுத் தந்தி வெட்டுப்படும்போது சின்னதாக ஒரு சத்தம் போட்டது. புதுக் கம்பிகளை மாட்டினேன். என் சத்தத்தில் நான் ஜெயிக்கிறேன், பார் என்று சொல்லிக்கொண்டேன்.

அந்தக் கழுத்தை அவர் மெல்லிசுக் கம்பியின் இழுப்புக்குத்தான் நிமிர்த்தி வைத்திருந்தார். தடிக் கம்பிகளின் இழுப்பு அதைவிட அதிகம். மத்தியானம் தொடங்கிச் சாயங்காலத்துக்குள் கழுத்து முன்னால் வளைந்தது. ஐப்பசி மழைக்கு முந்திய ஈரக்காற்று வேறு. மேடையில் நின்று சுருதி சேர்க்கும்போதே கம்பிகள் பழையபடி துணி உலர்த்துகிற உயரத்துக்குப் போயிருந்தன. சேர்த்த சுருதியும் நிற்கவில்லை. புதுக் கம்பி, நிமிடத்துக்கு நிமிடம் இறங்கிக்கொண்டே இருந்தது.

முதல் இரண்டு நிமிடம் துரையின் அடியில் மறைந்து ஓட்டிவிட்டேன். பிறகு என் தனி வாசிப்பு. மற்ற மூவரும் அடங்கி, எனக்கு இடம் விட்டார்கள். சார் செய்த ஆம்ப்ளிஃபயரைக் கடைசி வரை திருப்பி வைத்திருந்தேன். மூன்றாவது கம்பியைப் பிடித்து, நான் கதவைச் சாத்திக்கொண்டு பழகிய அந்த இழுப்பை இழுத்தேன். சுரம் கால்வாசி ஏறி நின்றுவிட்டது. இன்னும் இழுத்தேன். விரல்நுனித் தோல் பிய்ந்தது, சுரம் ஏறவில்லை. அந்தப் பெரிய ஹால் முழுக்க, அவ்வளவு பெரிய சத்தத்தில், அபஸ்வரம். முதல் வரிசையில் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். பின்வரிசைகளில் விசில் கிளம்பியது. பசங்க விசில் அடிப்பாங்க என்று அவரிடம் சொன்னேன் அல்லவா. அடித்தார்கள், எனக்கு.

மேடைக்குப் பின்னால் வந்து கிதாரை ஒரு நாற்காலியில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். ஆம்ப்ளிஃபயரை எடுத்துப்போக சார் வந்தார். கூடவே மாமியும் வந்திருந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். அந்தப் பெரிய ஸ்பீக்கர் முழுசாகத் திறந்தால் எப்படி இருக்கும் என்று கேட்க ஆசைப்பட்டவர் கேட்டது அதைத்தான்.

துரைக்கு ஆற்றாமை. "சார், நீங்க மட்டும் அக்காவ உட்ருந்தீங்கன்னா கப்பு நம்ளுது சார்."

சார் கையில் வயரோடு நிமிர்ந்தார். "நான் விடலையா? என்கிட்ட யார் கேட்டா? இவ எதுவும் சொல்லலையே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமி மட்டும் பார்க்கவில்லை. நாற்காலியில் கிடந்த கிதாரின் கம்பிகள் மேல் ஒரு விரலை ஓடவிட்டுக்கொண்டிருந்தார். தடிமன் விரலுக்குத் தெரிந்திருக்கும். என்ன நடந்தது என்று அந்த ஒரு விரலாலேயே முழுக்கத் தெரிந்துகொண்டார் என்று எனக்குத் தோன்றியது.

"நான்தான் வேண்டாம்னேன்" என்றார் துரையிடம். "கூட்டம்னா எனக்கு ஆகாது. ஆத்துக்காரர் பேரைச் சொல்லிடுன்னு இவன்கிட்ட நான்தான் சொல்லி அனுப்பினேன்."

துரை, "அட இன்னாக்கா நீங்க, எவ்ளோ சோக்கா இருந்திருக்கும்" என்று தலையில் அடித்துக்கொண்டான். சார் வயரைச் சுற்ற ஆரம்பித்தார். நான் அப்போது எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதிலும் அவர்தான் என்னைவிடப் பெரியவராகிவிட்டார் என்று ஆத்திரப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மாதம் கழித்து சாருக்கு வடக்கே மாற்றல் வந்துவிட்டது என்று துரை சொன்னான். இனிமேல் போகாவிட்டால் எப்போதும் போகமுடியாது என்று கிதாரைத் தூக்கிக்கொண்டு அபிராமபுரம் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழி நெடுக வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். கூடம் முழுக்கச் சாக்கு மூட்டைகள், மரப்பெட்டிகள். வீணையைப் போர்வையில் சுற்றி வைத்திருந்தார்கள். ஒரே ஒரு ஆம்ப்ளிஃபயர் மட்டும் கட்டாமல் மூலையில் இருந்தது.

மாமி எப்போதும் போல, "வாப்பா" என்றார். கிதாரை வாங்கி, கழுத்தை நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"வளைஞ்சு போயிருக்கு. நிமிர்த்திடலாம். எந்தக் கம்பிக்கு செட் பண்ணட்டும்? மெல்லிசு போடவா? ஒரு செட் எடுத்து வெச்சிருக்கேன். இல்லே, உன்னோட கம்பியே இருக்கட்டுமா?"

எனக்காக எடுத்து வைத்திருந்தார். மெல்லிசு என்று சொன்னால் போதும், மன்னிப்புக் கேட்டது மாதிரி ஆகிவிடும். அவருக்கும் அது புரிந்திருக்கும். நாக்கு நுனி வரை வந்தது.

"என்னோடதே இருக்கட்டும் மாமி" என்றேன்.

"சரி."

ஒரு மணி நேரம் வேலை செய்தார். ஒரு வேலையிலும் குறை வைக்கவில்லை. கழுத்தை அந்தத் தடிக் கம்பிக்கு ஏற்ப நிமிர்த்தினார். உயரத்தைக் கட்டை கட்டையாகப் பார்த்து இறக்கினார். சுருதி சேர்த்தார். நான் எழுந்து போய் மூலையிலிருந்த ஆம்ப்ளிஃபயரைப் போட்டு, வயரைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தேன். அது சூடாகி மெல்ல இரைந்தது. அவர் வயரை எடுக்கவில்லை. காய்ந்த துணி ஒன்றால் கிதாரின் கழுத்தை மேலிருந்து கீழ்வரை நன்றாகத் துடைத்தார், தம் விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சமும் இல்லாதபடி. பிறகு அதை என்னிடம் நீட்டினார்.

"நீயே செக் பண்ணிக்கோ" என்றார். எழுந்து அடுக்களைக்குப் போனார்.

முதல் முறையாக என் கிதார் எந்த வாசனையும் இல்லாமல், முழுக்க என்னுடையதாக என் கைக்கு வந்தது. நான் அதைச் செருகிப் பார்க்கவில்லை. உறையில் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். கீழ்ப்படியில் கொஞ்ச நேரம் நின்றேன். மேலே பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் எடுத்து, நகத்தால் தட்டி, காதில் வைத்துக் கேட்டுவிட்டு அடுக்குகிற சத்தம் வந்தது. தம்ளர், சொம்பு, அண்டா என்று ஒன்றைக்கூட அவர் விடவில்லை.